தனியாகப் போக நினைக்கும் வாலிபர்களுக்கு

கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் பக்கத்துச் சபைகளில் ‘இனிமேல் இங்கே ஒத்துவராது, தனியாகப் போயிடலாம்’ என்று பேசிக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகள் அனைவருக்கும்,



இதை ஒரு சபைக்கென்று எழுதவில்லை. அப்படி எழுதினால் யார் போட்டுக் கொடுத்தது என்று ஆளைத் தேட ஆரம்பித்துவிடுவீர்கள். தேடவே வேண்டாம். எல்லா ஊரிலும் கதை ஏறக்குறைய ஒன்றுதான். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆலய வாசலில் வாக்குவாதம். ஆயர் மாற்றமோ, கமிட்டித் தேர்தலோ, ட்ரம்ஸ் வாசிக்கலாமா கூடாதா என்பதோ, ஏதோ ஒன்று. அன்று இரவே புதிய வாட்ஸ்அப் குழு. அதில் யாரைச் சேர்க்கவில்லை என்பது விடிவதற்குள் சேர்க்கப்படாதவர்களுக்கே தெரிந்துவிடும். புதன்கிழமை ஒரு வீட்டில் உபவாச ஜெபம். அங்கே ஒருவருக்கு ஒரு வசனம் கிடைக்கும். பெரும்பாலும் எகிப்தை விட்டுப் புறப்படுவது பற்றிய வசனமாக இருக்கும். அடுத்த ஞாயிறுக்குள் மெயின் ரோட்டில் ஏதாவது கடைக்கு மேல்மாடியை வாடகைக்குப் பிடித்தாகிவிடும்.

நீங்கள் கோபப்படும் காரணங்கள் தப்பு என்று சொல்ல நான் வரவில்லை. பல சபைகளில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. பத்து வருடமாக அதே நான்கு பேர் கமிட்டியில் மாறி மாறி உட்கார்ந்திருப்பதும், வாலிபர் ஐக்கியத்துக்கு நாற்காலி தூக்கும் வேலை மட்டும் ஒதுக்கப்படுவதும், கேள்வி கேட்டால் ‘உங்கப்பா இப்படியெல்லாம் பேசமாட்டாருங்களே’ என்று வாயை அடைப்பதும் நானும் பார்க்கிற காட்சிகள்தான். இந்த மடல் உங்கள் நியாயத்தைப் பற்றியது அல்ல. உங்கள் வேகத்தைப் பற்றியது.

வேகம் நம் ஊர்க்காரர்களுக்குக் கைவந்த விஷயம். திருப்பூர் பனியன் கம்பெனியில் பையர் இரவு பதினொரு மணிக்கு ஒரு மாற்றம் சொன்னால் காலையில் சாம்பிள் தயாராக இருக்கும். பீளமேட்டிலும் கணபதியிலும் லேத் பட்டறை வைத்திருப்பவர் ஒரு மெஷினை வாங்கலாமா வேண்டாமா என்று டீ ஆறுவதற்குள் முடிவு செய்துவிடுவார். அப்படி முடிவெடுத்துத்தான் இந்தப் பகுதி வளர்ந்தது. அந்தக் கை, அந்தப் பழக்கம், ஆலயத்துக்குள்ளும் நம்மோடு வந்துவிடுகிறது. தொழிலில் அவசரப்பட்டால் பணம் போகும், அடுத்த சீசனில் பிடித்துக்கொள்ளலாம். சபையில் அவசரப்பட்டால் போவது மனிதர்கள்.

அதனால் நம் சபை எப்படி உண்டாயிற்று என்ற கதையைச் சொல்கிறேன். உங்களில் பெரும்பாலோர் ஞானஸ்நானம் பெற்றது தென்னிந்தியத் திருச்சபையில். கான்வென்ஷனில் நூறு சாட்சி கேட்டிருப்பீர்கள், இந்தச் சாட்சியை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

1919 மே மாதம் 1, 2 தேதிகளில் தரங்கம்பாடியில் 33 பேர் கூடினார்கள். இருவரைத் தவிர எல்லோரும் இந்தியர்கள். 1706இல் மிஷனரி சீகன்பால்கு வந்திறங்கிய அதே ஊர். கூட்டத்தை முன்நின்று நடத்தியவர் தோர்ணக்கல் பேராயர் அசரியா; திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்தவர், ஆங்கிலிக்கன் சபையில் பேராயரான முதல் இந்தியர். எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் தென்னிந்திய ஐக்கிய சபையைச் சேர்ந்தவர்கள். அந்த ஐக்கிய சபை 1908இல் லண்டன் மிஷன், அமெரிக்க மிஷன்கள், ஸ்காட்லாந்து மிஷன் ஆகியவற்றின் சபைகள் சேர்ந்து உண்டானது. கோவைக்கு லண்டன் மிஷன் 1830இலேயே வந்துவிட்டது. ஆடிஸ் என்ற மிஷனரி இங்கே தங்கி ஊழியத்தைத் தொடங்கினார். ஆகவே கோவை, ஈரோடு, சேலம் சபைகள் அந்த ஐக்கிய சபையின் பக்கம். ஈரோட்டில் பிரப் ரோட்டில் போகும்போது அண்ணாந்து பார்க்கிறீர்களே, அந்த ஆலயத்தைக் கட்டியவர்களும் லண்டன் மிஷன்காரர்கள்தான்.

அந்த இரண்டு நாளில் 33 பேரும் ஒரு அறிக்கை எழுதினார்கள். நாம் ஒன்றாக வேண்டும், இந்தப் பிரிவினை நாம் உண்டாக்கியது அல்ல, வெளிநாட்டிலிருந்து இறக்குமதியானது என்ற கருத்து அதில் இருந்தது. எல்லோருக்கும் சம்மதம். உங்கள் வாட்ஸ்அப் குழுவாக இருந்தால் அன்று மாலையே பெயர்ப்பலகை எழுதக் கொடுத்திருப்பார்கள்.

அவர்களுக்கு 28 வருடம் ஆயிற்று.

ஏன் இவ்வளவு நாள்? சோம்பல் இல்லை. உட்கார்ந்து பேச வேண்டிய விஷயங்கள் இருந்தன. லண்டன் மிஷன் வழியில் வந்தவர்களுக்குப் பேராயர் என்ற பதவியே சந்தேகமானது. சபையார் கூடி முடிவெடுப்பதுதான் அவர்கள் வழக்கம். மேலிருந்து ஒருவர் வந்து கைவைத்தால்தான் ஊழியம் செல்லும் என்றால், இத்தனை வருடம் எங்கள் ஐயர்மார் கொடுத்த ஞானஸ்நானமும் நற்கருணையும் செல்லாதவையா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆங்கிலிக்கன் பக்கத்திலோ அப்போஸ்தலர் காலத்திலிருந்து கைமாறி வந்த பேராயர் பதவியை விட்டுவிட்டு எப்படிச் சேருவது என்று கேட்டார்கள். அவர்களுக்கு அதுவும் நியாயம். மெதடிஸ்டுகள் 1925இல் பேச்சில் சேர்ந்துகொண்டார்கள். 1929இல் இணைப்புத் திட்டத்தின் முதல் வரைவு அச்சாகி வந்தது. வந்ததும் சபைகளுக்கு அனுப்பினார்கள், ஆட்சேபணை கேட்டார்கள், திருத்தினார்கள், மறுபடி அச்சிட்டார்கள், மறுபடி அனுப்பினார்கள். குருப்பட்டம் பெறாத ஒரு விசுவாசி திருவிருந்து நடத்தலாமா என்ற ஒரே கேள்வி பல வருடங்களை எடுத்துக்கொண்டது. இங்கிலாந்திலிருந்தும் எதிர்ப்பு வந்தது; கவிஞர் டி.எஸ். எலியட் 1943இல் இந்தத் திட்டத்துக்கு எதிராகத் தனியாக ஒரு சிறு நூலே எழுதினார். நம் ஈரோட்டுச் சபைக்கும் லண்டனில் உட்கார்ந்திருந்த அவருக்கும் என்ன வழக்கு என்று நமக்குத் தோன்றும். ஆனால் அன்றைக்கு ஆங்கிலிக்கன் உலகம் முழுக்கத் தரங்கம்பாடியில் ஆரம்பித்த இந்தப் பேச்சைக் கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தது.

இதில் அசரியாவைக் கொஞ்சம் கவனியுங்கள். பொறுமைசாலி என்றதும் அமைதியாக, எதற்கும் சூடாகாமல், கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவர் உங்கள் மனதில் வருவார். அசரியா அப்படிப்பட்டவர் இல்லை. 1927இல் லொசானில் உலகத்துச் சபைத் தலைவர்கள் நடுவே நின்று, சபைப் பிரிவினை உங்கள் நாடுகளில் பலவீனமாக இருக்கலாம், எங்கள் நாட்டில் அது பாவம், இடறல் என்ற கருத்தை முகத்துக்கு நேரே சொன்னவர். மனதுக்குள் தீயை வைத்துக்கொண்டு கமிட்டி கமிட்டியாக உட்கார்ந்தவர். 1945 ஜனவரி 1 அன்று இறந்துபோனார். மெதடிஸ்டுகள் 1943இல் சம்மதித்ததைப் பார்த்தார். தன் சொந்த ஆங்கிலிக்கன் பேரவை சம்மதித்ததைப் பார்க்கவில்லை, அவர் கண்மூடிய அதே மாதத்தில்தான் அது நடந்தது. நிதானமான சுபாவம் உள்ளவன் காத்திருப்பதில் என்ன பெரிய காரியம் இருக்கிறது? துடிப்புள்ளவன் காத்திருப்பதைத்தான் நான் பொறுமை என்கிறேன். அதனால் ‘எனக்கு அந்தச் சுபாவம் இல்லீங்க’ என்று நீங்கள் நழுவ முடியாது.

1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உதயமானது. நாடு விடுதலையாகி ஆறு வாரம்தான் முடிந்திருந்தது. வடக்கே மனிதர்கள் பிரிந்து, வெட்டுப்பட்டு, ரயிலேறி ஓடிக்கொண்டிருந்த மாதம். அந்த மாதத்தில் இங்கே மூன்று மரபினர் ஒன்றானார்கள்.

அதிலும் ஒரு விஷயத்தை அவசரப்பட்டு முடிக்கவில்லை. பேராயர் கைவைக்காத பழைய ஆயர்களை என்ன செய்வது என்ற தலைவலி இருந்ததே, அதற்கு அவர்கள் கண்ட வழி இது: யாருக்கும் மறுபடி குருப்பட்டம் கிடையாது, இருப்பவர்கள் இருக்கிறபடியே ஏற்றுக்கொள்ளப்படுவார்கள், இனிமேல் வருகிறவர்களுக்குப் பேராயர் பட்டம் கொடுப்பார், ஒன்றாக வளர்வதற்கு 30 வருடம் எடுத்துக்கொள்வோம், மிச்சத்தை அதற்குப் பிறகு பார்க்கலாம். அமைப்புச் சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். கூடவே ஒரு வாக்குறுதியும் கொடுத்தார்கள்: எந்தச் சபையின் மேலும் அதன் மனச்சாட்சி ஒப்பாத ஆராதனை முறையையோ ஊழியரையோ திணிப்பதில்லை என்று. 28 வருடம் பேசிய பிறகும் ‘இன்னும் 30 வருடம் ஆகட்டும்’ என்று எழுதக்கூடிய மனிதர்களை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, கையெடுத்துக் கும்பிடவும் தோன்றுகிறது.

இனிமேல்தான் நம் ஊர்.

சென்னையில் அன்று மணி அடித்தபோது கொங்கு நாட்டுச் சபைகள் அங்கே இல்லை. தென்னிந்திய ஐக்கிய சபையின் பெரும்பாலான கவுன்சில்கள் இணைப்பில் சேர்ந்தன. கோவை, ஈரோடு, சேலம் பகுதிகளை உள்ளடக்கிய வட தமிழ்ச் சபைக் கவுன்சில் சேரவில்லை, வெளியே நின்றுவிட்டது. அத்தனை வருடப் பேச்சுக்கும், உலகமே பார்த்துக்கொண்டிருந்த அந்த நாளுக்கும் பிறகு, நம் தாத்தா பாட்டிமார் ‘எங்களுக்கு இன்னும் சம்மதம் வரவில்லை’ என்று சொன்னார்கள்.

உங்கள் ஆலயத்து நூற்றாண்டு மலரில், அவர்கள் வெளியே நின்ற அந்த மூன்று வருடத்தைப் பற்றி ஒரு பத்தியாவது இருக்கிறதா, தேடிப் பாருங்கள். நமக்கு இது ஏதோ கூச்சமான சங்கதி போல ஆகிவிட்டது. எனக்கு என்னவோ, நம் சபைச் சரித்திரத்திலேயே பெருமைப்பட வேண்டிய இடம் இதுதான் என்று படுகிறது. அவர்கள் ஊரோடு ஒத்து ஓட அவசரப்படவில்லை. சேராமல் நின்றதாலேயே ‘இனி எப்போதும் இல்லை’ என்று கதவையும் சாத்தவில்லை. அந்தப் பக்கம் இருந்தவர்களும் வராதவர்களை வராதவர்களாகவே எழுதி முடித்துவிடவில்லை. 1950இல் வட தமிழ்க் கவுன்சில் சேர்ந்தது. அதே வருடம் கோயம்புத்தூர்த் திருமண்டலம் உருவானது. பேராயர் என்ற பதவியை ஒரு காலத்தில் சந்தேகமாகப் பார்த்த லண்டன் மிஷன் மண்ணுக்கு முதல் பேராயராக வந்தவர் ஏ.ஜே. அப்பாசாமி, கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாக விளக்கி நூல் எழுதியவர், சாது சுந்தர்சிங்கைப் பற்றி உலகத்துக்கு எழுதிச் சொன்னவர்களில் ஒருவர். அதிகாரி வருவார் என்று பயந்திருந்தால், வந்தவர் பக்தர்.

தம்பி தங்கைகளே, பொறுமை என்று நான் சொல்வது இதைத்தான். நாம் பொறுமையை ஏதோ நமக்குள்ளே நடக்கிற காரியமாக நினைக்கிறோம். பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பது, வாயை மூடிக்கொண்டு இருப்பது என்று. 1947இல் நடந்தது வேறு. தங்களோடு ஒத்துப்போகாதவனுக்கு வந்துசேர அவகாசம் கொடுத்தார்கள். அந்த மூன்று வருடமும் கொடுத்தவர்களின் கையிலிருந்து போன பணம் மாதிரி. வாங்கியவர்கள் நம் ஊர்க்காரர்கள். இன்று உங்கள் சபையில் உங்களுக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் அந்தக் கமிட்டிக்காரர், அந்த மூப்பர், அந்தக் கொயர் மாஸ்டர், அவருக்கு நீங்கள் எத்தனை நாள் கொடுத்தீர்கள்? ஞாயிறிலிருந்து புதன் வரைக்கும்.

‘நாங்க ஜெபம் பண்ணித்தாங்க முடிவெடுத்தோம்’ என்பீர்கள். ஜெபம் அவசரத்துக்கு மாற்று மருந்து என்று நீங்கள் நினைத்திருந்தால் ஒன்று சாமுவேல் 13ஆம் அதிகாரத்தை இன்று இரவு வாசித்துவிட்டுப் படுங்கள். சவுல் கில்காலில் காத்திருக்கிறான். ஏழு நாளில் வருகிறேன் என்று சாமுவேல் சொல்லியிருந்தார். ஏழு நாளும் ஆகிவிட்டது. மிக்மாசில் பெலிஸ்தர் கடற்கரை மணல்போல் கூடியிருக்கிறார்கள். ஜனங்களோ குகைகளிலும் முட்காடுகளிலும் போய் ஒளிகிறார்கள். தெரிந்தெடுத்த மூவாயிரம் பேரில் கடைசியில் மிஞ்சப்போவது அறுநூறு பேர். யாராக இருந்தாலும் கை நடுங்கும். சவுல் என்ன செய்தான்? ஓடிப்போனானா, கொள்ளையடித்தானா, சிலைக்கு முன்னால் விழுந்தானா? இல்லை. பலி செலுத்தினான். ஆராதனை நடத்தினான். அவனுடைய அவசரம் ஆராதனை வடிவத்தில் வந்தது. அந்தத் தகனபலி முடிகிற நேரத்தில் சாமுவேல் வந்து நிற்கிறார். இன்னும் ஒரு நாழிகை!

சபையில் நடக்கிற அவசரம் எப்போதும் இப்படித்தான். கெட்ட வேடத்தில் வந்தால் நமக்கே அடையாளம் தெரிந்துவிடும். அதனால் உபவாசமாக வருகிறது, வசனமாக வருகிறது, ‘கர்த்தர் எனக்குச் சொன்னார்’ என்று வருகிறது. இந்த ஒரு வாக்கியம் அறைக்குள் வந்துவிட்டால் அதற்கு மேல் யாரும் வாய் திறக்க முடியாது. ஐந்து நிமிடத்துக்கு முன் வாடகை எவ்வளவு, ஜெனரேட்டர் இருக்கா என்று கேட்டுக்கொண்டிருந்த அண்ணன்கூட ஆமென் சொல்லிவிட்டு எழுந்துவிடுவார். கர்த்தர் உங்களோடு பேசவில்லை என்று சொல்ல நான் யார்? என் விண்ணப்பம் ஒன்றுதான்: ஐப்பசியில் பேசியவர் தையிலும் அதையேதான் பேசுவார். அவருக்கு மறதி கிடையாது. மூன்று மாதம் கழித்து அதே வார்த்தை அதே உறுதியோடு, அன்றைய கோபம் வடிந்த பிறகும் நின்றால், அப்போது பார்ப்போம். நிற்காமல் போனால் பேசியது யாரென்று உங்களுக்கே விளங்கிவிடும்.

வேலையை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்கு வருகிறேன் என்று ஒரு கூட்டத்தின் கடைசி அழைப்பில் எழுந்து நிற்கிறவர்களுக்கும் இதுவேதான் என் பதில். கல்யாணத்துக்கும் இதுவேதான். கைகளை அவசரப்பட்டு ஒருவன்மேல் வைக்காதே என்ற பொருளில் பவுல் தீமோத்தேயுவை எச்சரித்திருக்கிறார். நாமோ நேற்று மனந்திரும்பிய பையனை நாளைக்கே பிரசங்க பீடத்தில் ஏற்றி, மறுநாள் அவன் இடறினால் அவனையே பழிக்கிறோம்.

இவ்வளவும் சொன்னவன் இதையும் சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் உங்கள் கமிட்டிக்காரர்கள் இந்த மடலைப் பிரதி எடுத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிடுவார்கள்.

காத்திருக்கவே கூடாத காரியங்கள் உண்டு. அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு ஒன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் பந்தியிலிருந்து மெல்ல விலகினார். பவுல் அங்கே ஜெபக் கூட்டம் போடவில்லை, மூன்று மாதம் பார்க்கவும் இல்லை. எல்லோர் முன்னாலும் முகமுகமாக எதிர்த்தார். ஏனென்றால் அது கருத்து வேறுபாடு இல்லை. ஒரு மனிதன் இன்னொரு மனிதனோடு உட்கார்ந்து சாப்பிட மாட்டேன் என்கிற விஷயம். சாதி பார்த்து இருக்கை, சாதி பார்த்துக் கல்லறை, சாதி பார்த்துக் கமிட்டி என்று இருக்கிற இடத்தில் ‘பொறுமையாயிருங்க கண்ணு, காலம் மாறும்’ என்று சொல்வது பொறுமை இல்லை. அந்த வார்த்தையைச் சொல்பவர் எப்போதும் வசதியான வரிசையில் உட்கார்ந்திருப்பவராகவே இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? காணிக்கைக் கணக்கில் ஓட்டை இருந்தால் அன்றைக்கே கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். ஒரு குழந்தைக்கோ பெண்ணுக்கோ தீங்கு நடந்தது தெரிந்தால் கமிட்டி கூடும் வரை காத்திருக்காதீர்கள். போலீசுக்குப் போங்கள், நான் கூட வருகிறேன். சபையின் நல்ல பெயர் கெட்டுவிடும் என்று அங்கே பொறுமை போதிப்பவர்களுக்கு இந்த மடலில் ஒரு வரிகூட உதவிக்கு வராது.

ட்ரம்ஸ் அந்த வகையில் சேராது. ஆயர் மாற்றமும் சேராது. உங்கள் வேட்பாளர் தேர்தலில் தோற்றதும் சேராது. எது எந்தப் பக்கம் என்று உங்களுக்கே தெரியும்.

இதைப் படிக்கும் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை, இருக்கிற இடத்தில் இருந்தே கேட்டுக்கொள்ளட்டும். கமாலியேல் ஒரு பரிசேயர். அப்போஸ்தலரைக் கொன்றுபோடலாம் என்று ஆலோசனைச் சங்கம் கொதித்துக்கொண்டிருந்தபோது எழுந்து, விட்டுவிடுங்கள், மனுஷரால் உண்டானதென்றால் தானாக அழியும், தேவனால் உண்டானதென்றால் உங்களால் அழிக்க முடியாது என்ற யோசனையைச் சொன்னார். உங்கள் வாலிபர் ஒரு மாலைக் கூட்டத்தைப் புதிய முறையில் நடத்திப் பார்க்கிறோம் என்றால் அந்த அளவுக்காவது விடக்கூடாதா? கமாலியேல் இயேசுவை நம்பியவர்கூட இல்லை. உங்கள் அவசரம் உத்தரவாக வருகிறது, அவர்கள் அவசரம் வெளிநடப்பாக வருகிறது. இரண்டுக்கும் சேர்த்து அடுத்த தலைமுறை கோர்ட்டில் வாய்தா வாங்கிக்கொண்டிருக்கும். ஏழு நாள் பொறுக்க முடியாதவர்கள் சொத்து வழக்கில் இருபது வருடம் பொறுத்துக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போது நீதிமன்றங்களும் ஒரு வகையில் ஆவிக்குரிய பள்ளிக்கூடங்கள்தானோ என்று தோன்றும்.

ஏற்கெனவே பிரிந்து போய்விட்டவர்களும் இதைப் படிப்பீர்கள். மேல்மாடி பிடித்து, பெயர் வைத்து, இரண்டு வருடம் ஓட்டி, இப்போது உள்ளுக்குள் ‘அவசரப்பட்டுட்டமோ’ என்று அரித்துக்கொண்டிருப்பவர்கள். உங்களை நான் உடனே திரும்பி வரச் சொல்லவில்லை. அதுவும் இன்னொரு அவசரம். உங்களுக்கு யோசுவா 9ஆம் அதிகாரம். கிபியோனியர் பூசணம் பிடித்த அப்பத்தையும் கிழிந்த துருத்திகளையும் காட்டி, தூரதேசத்திலிருந்து வருகிறோம் என்றார்கள். இஸ்ரவேலின் தலைவர்கள் அப்பத்தைப் பார்த்தார்கள், கர்த்தரைக் கேட்கவில்லை, உடன்படிக்கை செய்து ஆணையும் இட்டுவிட்டார்கள். மூன்றே நாளில் குட்டு வெளிப்பட்டது. அவர்கள் பக்கத்து ஊர்க்காரர்கள். ஏமாற்றி வாங்கிய ஆணைதானே, உதறிவிட்டிருக்கலாம். சபையாரும் தலைவர்கள்மேல் முறுமுறுத்தார்கள். ஆனாலும் ஆணையைக் காத்தார்கள். அடுத்த அதிகாரத்தில் அந்தக் கிபியோனுக்கே ஆபத்து வந்தபோது யோசுவா இரவெல்லாம் நடந்து போய் அவர்களுக்காகப் போரிட்டான். சூரியன் தரித்து நின்றது என்று ஞாயிறு பள்ளியில் படித்தீர்களே, அது அந்த யுத்தத்தில்தான். அவசரத்தில் கொடுத்த வாக்கைக் காக்கப் போன இடத்தில்.

அதனால் நீங்கள் அழைத்து வந்து அமர்த்திய ஊழியருக்கு மாதாமாதம் கொடுக்கிறேன் என்றதைக் கொடுங்கள். உங்களை நம்பி வந்த ஏழெட்டுக் குடும்பங்களை அந்தரத்தில் விடாதீர்கள். பழைய சபையில் சாவு விழுந்தால் போய் நில்லுங்கள், கல்யாணம் என்றால் போய்ச் சாப்பிடுங்கள். பவுலும் பர்னபாவும் மாற்கு என்ற வாலிபனை முன்னிட்டுக் கடுமையாகச் சண்டை போட்டுப் பிரிந்தார்கள். பல வருடம் கழித்துச் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில் அதே மாற்குவை அழைத்துவா, அவன் எனக்குப் பிரயோஜனமானவன் என்ற அர்த்தத்தில் பவுல் கேட்கிறார். நடுவில் எப்படிச் சமாதானமானார்கள் என்று வேதத்தில் ஒரு வரி இல்லை. யாரும் மன்னிப்புக் கூட்டம் போட்டதாகவும் தெரியவில்லை.

இன்னும் போகாதவர்களுக்குக் கடைசியாக. நான் கேட்பது பெரிய தியாகம் ஒன்றும் இல்லை. இந்தக் கிறிஸ்துமஸ் வரைக்கும் ஒன்றும் செய்யாதீர்கள். அட்வென்ட் காலம் எதற்கு இருக்கிறது? டிரஸ்ட் பதிவு வேண்டாம், தனி வங்கிக் கணக்கு வேண்டாம். உங்கள் குறைகளை ஒரு தாளில் எழுதி, கீழே பெயர்போட்டுக் கையெழுத்துப் போட்டு (வாட்ஸ்அப்பில் அல்ல, தாளில்) ஆயரிடமும் கமிட்டிச் செயலாளரிடமும் கொடுங்கள், பிரதியில் பெற்றுக்கொண்டதாக எழுதி வாங்குங்கள். பதில் வரவில்லை என்றால் ஒரு மாதம் கழித்து மறுபடி கொடுங்கள். தரங்கம்பாடிக்காரர்கள் இதைத்தானே 28 வருடம் செய்தார்கள். பிறகு உங்கள் குழுவில் யாருக்கு அந்த மூப்பர்மேல் அதிகக் கோபமோ, அவரே ஒரு நாள் சாயங்காலம் அந்த மூப்பர் வீட்டுக்குப் போகட்டும். தனியாக. விவாதிக்க வேண்டாம், அவர் எந்த வருடம் இந்தச் சபைக்கு வந்தார், அப்போது யார் ஆயர், என்னென்ன சண்டை நடந்தது என்று கேட்டுக்கொண்டிருந்தால் போதும். காபி கொடுப்பார், குடியுங்கள்.

ஜனவரியிலும் போகத்தான் வேண்டும் என்று உங்கள் மனச்சாட்சி சொன்னால், பகல் வெளிச்சத்தில், சொல்லிவிட்டு, ஜெபம் பண்ணி அனுப்பச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போங்கள். வட தமிழ்க் கவுன்சில் அப்படித்தான் வெளிப்படையாக வெளியே நின்றது, அப்படித்தான் உள்ளே வந்தது.

கிறிஸ்துவின் அன்பில்,
உங்கள் சபையில் கடைசி வரிசைக்கு முந்தின வரிசையில் உட்காரும் ஒருவன்

பின்குறிப்பு: புதிய சபையின் பெயருக்கு ஃபிளெக்ஸ் அடிக்கக் கொடுத்துவிட்டதாக ஓர் ஊரிலிருந்து கேள்விப்பட்டேன். கடைக்காரரிடம் இன்றே போன் பண்ணி நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். கொடுத்த அட்வான்ஸ் திரும்ப வராது என்று சொன்னால் என்னிடம் வாங்கிக்கொள்ளுங்கள்.